வயலில் எழவிருந்த வீடு நகரத்தில் எழுந்தது: மான்ட்கோமரி கவுன்டியின் வேளாண் காப்பகம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டி, வடமேற்கே மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது மான்ட்கோமரி கவுன்டி. தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், வரி விதிக்கும் அதிகாரமும், நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் அதிகாரமும் உள்ள நிர்வாகப் பகுதி அது. விளைநிலம் வீட்டு மனையாவதைத் தடுக்க 1980-ல் அங்கே உருவாக்கிய வேளாண் காப்பகத்தின் கதை இது. தெற்கு ஓரம் தலைநகரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் பொட்டோமக் ஆறு வரைக்கும் மக்காச்சோளம், கோதுமை, சோயா, மாட்டுத் தீவனம் விளையும் பண்ணைகள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தலைநகரில் அரசு வேலைகள் பெருகின. வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க இடம் தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். 1950-ல் கவுன்டியின் மக்கள்தொகை சுமார் 1,64,000. 1970-ல் அது 5,22,000-ஐத் தாண்டிவிட்டது. இருபதே வருடத்தில் மூன்று மடங்குக்கும் மேல்.

இது வரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்தவர்கள் இருந்தார்கள். 1964-ல் கவுன்டிக்கு ஒரு பொதுத் திட்டம் போட்டார்கள். தலைநகரிலிருந்து விரல்கள் போல நீளும் நெடுஞ்சாலைப் பாதைகளை ஒட்டி மட்டும் நகரம் வளர வேண்டும், விரல்களுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் விரியும் நிலம் விவசாயத்துக்கும் திறந்தவெளிக்கும் என்பதுதான் அதன் கரு. நல்ல திட்டம். ஆனால் வரைபடத்தில் பச்சை அடித்த இடத்தில் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் உடனே வரவில்லை. வரைபடம் ஒன்று சொன்னது, எந்த இடத்தில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதி வேறொன்றை அனுமதித்தது. நிலம் வாங்குபவர்கள் மண்டல விதியைத்தான் படித்தார்கள்.

வரிச்சலுகையும் ஏற்கெனவே இருந்தது. விளைநிலத்தை அதன் சந்தை விலையை வைத்து மதிப்பிடாமல், விவசாயப் பயனை வைத்து மதிப்பிட்டுக் குறைவாக வரி போடும் முறையை அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்த மாநிலம் மேரிலாந்து; வருடம் 1956. விவசாயிக்கு இது உதவியது உண்மை. ஆனால் விலை ஏறட்டும் என்று நிலத்தை வாங்கிப் போட்டுக் காத்திருப்பவருக்கும் அதே சலுகைதான். குத்தகைக்கு யாரையாவது உழவிட்டுக்கொண்டு, குறைந்த வரி கட்டிக்கொண்டு, நல்ல விலை வரும்வரை அவர் பொறுமையாக இருக்கலாம். வரிச்சலுகை விற்பனையைத் தள்ளிப்போட்டதே தவிர, நிலம் மனையாவதை நிறுத்தவில்லை.

கண்டறிந்தவை: 1970கள்

1970களின் தொடக்கத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி மக்கள் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனது. புதிய இணைப்புகளுக்குத் தடை வந்தது. குழாய் இணைப்பு கிடைக்காத பில்டர்கள், செப்டிக் டேங்க் போதும் என்கிற கிராமப்புறத்தின் பக்கம் திரும்பினார்கள். நகரத்துக்குள் கட்டுவதைத் தடுத்ததும் வயல்மீது அழுத்தம் கூடியது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இது ஒரு சின்ன முன்மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது.

1973-ல் மன்றம் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது: கிராமப்புற மண்டலத்தில் 5 ஏக்கருக்கு ஒரு வீடுதான். அன்றைக்கு இது கடுமையான விதியாகத் தெரிந்தது. ஐந்து ஏக்கர் வாங்கி வீடு கட்ட எத்தனை பேரால் முடியும் என்று நினைத்தார்கள்.

பலரால் முடிந்தது. பண்ணைகள் ஐந்தைந்து ஏக்கராகத் துண்டாயின. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு வீடு, சுற்றிலும் புல்வெளி. புல் வெட்டுவதற்கு அந்த இடம் பெரிது, உழுவதற்குச் சிறிது என்று திட்டமிடுபவர்கள் மத்தியில் ஒரு சொல் உண்டு. இங்கே அது அப்படியே நடந்தது. நெருக்கமாகக் கட்டியிருந்தால் பத்து ஏக்கரில் அடங்கியிருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான ஏக்கரில் பரவின. வீடும் அதிகம் பேருக்குக் கிடைக்கவில்லை, நிலமும் போனது. விளைநிலத்தைக் காக்க மனையின் அளவைப் பெரிதாக்குவது முதலில் தோன்றுகிற யோசனை. நடைமுறையில் நிலத்தை வேகமாகத் தின்பதும் அதுதான்.

நிலம் குறைவது ஒருபக்கம். அதைவிட ஆழமான சேதம் மிச்சமிருந்த விவசாயிகளின் மனதில் நடந்தது. பக்கத்துப் பண்ணை மனையானால், அடுத்து நம்முடையதுதான் என்கிற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் வந்துவிட்டால் வடிகாலைச் சரிசெய்ய மாட்டார்கள், வேலி போட மாட்டார்கள், புதுக் கொட்டகைக்குக் கடன் வாங்க மாட்டார்கள். பத்து வருடத்தில் விற்கப்போகிற நிலத்துக்கு எதற்குச் செலவு? பண்ணைகள் ஒரு எண்ணிக்கைக்குக் கீழே போனால் டிராக்டர் பழுதுபார்ப்பவர், தீவன வியாபாரி, கால்நடை மருத்துவர் எல்லாம் வேறு ஊர் பார்க்கிறார்கள். அப்புறம் விவசாயம் செய்ய ஆசைப்படுபவராலும் செய்ய முடியாது. புதிதாகக் குடிவந்தவர்கள் எரு வாடை பற்றியும், சாலையில் மெதுவாகப் போகும் அறுவடை இயந்திரம் பற்றியும் புகார் சொல்வது இதற்கு மேல்.

வீட்டுப் பக்கமும் நெருக்கடிதான். கவுன்டியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், காவலர்கள், கடை ஊழியர்களால் அங்கே வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியவில்லை. 1974-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: 50 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கட்டும் எந்தத் திட்டத்திலும் 15 சதவீத வீடுகளை நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும். ஈடாக பில்டருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதி. அமெரிக்காவில் இந்த வகையில் முன்னோடியான சட்டங்களில் இது ஒன்று. வேளாண் காப்பகத்தைப் பற்றிப் பேசும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் விடப்போவதில்லை. நிலத்தைக் காக்கும் திட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்பே, வீட்டைப் பற்றிய பொறுப்பை இந்தக் கவுன்டி சட்டமாக்கியிருந்தது.

எடுத்த முடிவு: 1980

திட்டக் குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, அரசே பணம் கொடுத்து விவசாயியிடமிருந்து கட்டும் உரிமையை வாங்கிக்கொள்வது. மாநிலம் 1977-ல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தது. நிலம் விவசாயியிடமே இருக்கும், வீடு கட்டும் உரிமை மட்டும் அரசிடம் போய் முடங்கும். நியாயமான வழி. ஆனால் தலைநகருக்குப் பக்கத்தில் நில விலை இருந்த நிலையில், கிடைத்த நிதியில் வருடத்துக்குச் சில பண்ணைகளைத்தான் காப்பாற்றியிருக்க முடியும்.

இரண்டாவது, பணம் எதுவும் கொடுக்காமல் மண்டல விதியை மட்டும் இறுக்குவது. செலவில்லை. ஆனால் விவசாயி தலையில் முழுச் சுமையும் விழும். அந்த ஊர் விவசாயிக்கு நிலம்தான் சேமிப்பு, ஓய்வுக்காலப் பணம், வங்கியில் வைக்கும் ஈடு. ஒரு வாக்கெடுப்பில் அதன் மதிப்பை வெட்டிவிட்டு 'ஊர் நலனுக்காக' என்று சொல்வது நியாயமில்லை; வழக்கும் வரும், அடுத்த தேர்தலில் விதியும் மாறும்.

மூன்றாவது, பக்கத்தில் கால்வெர்ட் என்கிற சிறிய கவுன்டி 1978-ல் தொடங்கியிருந்த வழி: கட்டும் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, தனியாக விற்கத் தக்க பொருளாக்குவது. அரசு வாங்க வேண்டியதில்லை. நகரத்தில் கூடுதலாக வீடு கட்ட விரும்பும் பில்டர் வாங்குவார்.

மான்ட்கோமரி இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தது. முதலாவதும் ஒரு ஓரமாகத் தொடர்ந்தது. 1980-ல் ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி சுமார் 93,000 ஏக்கர், அதாவது கவுன்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வேளாண் காப்பகமானது. அதில் பெரும்பகுதியில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்றிருந்த விதி 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்றானது. ஆனால் விற்கத் தக்க உரிமை பழைய கணக்கிலேயே, 5 ஏக்கருக்கு ஒன்று என்று, உரிமையாளருக்குக் கொடுக்கப்பட்டது.

100 ஏக்கர் பண்ணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய விதிப்படி 20 வீடு கட்டலாம். புதிய விதிப்படி 4 தான். ஆனால் உரிமையாளர் கையில் 20 உரிமைகள் இருக்கின்றன. நான்கு வீட்டுக்கு நான்கை வைத்துக்கொண்டு, மீதி 16-ஐ விற்கலாம். விற்றவுடன் அந்தக் கட்டுப்பாடு நிலப் பத்திரத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். மகனுக்குப் போனாலும், வேறொருவருக்கு விற்றாலும், அடுத்த மன்றம் மண்டல விதியையே மாற்றினாலும் அந்தப் பதிவு நிற்கும். நிலத்தை உழுவது, குத்தகைக்கு விடுவது, விற்பது எதற்கும் தடையில்லை. மறுபக்கத்தில், கழிவுநீர்க் குழாயும் சாலையும் பள்ளியும் இருக்கிற பகுதிகளை 'ஏற்கும் பகுதி' என்று அறிவித்தார்கள். அங்கே ஒரு பில்டர் அடிப்படை அளவுக்கு மேல் ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால் ஓர் உரிமையை வாங்கி வர வேண்டும். விலை அவர்களுக்குள் பேசி முடிப்பது.

25 ஏக்கர் என்ற அளவும் யோசித்துத்தான் வைக்கப்பட்டது. காய்கறி, பழம் போன்றவற்றை விளைவித்து நேரடியாக விற்கும் ஒரு குடும்பம் பிழைக்கக்கூடிய அளவு அது என்பது கணக்கு. துண்டாகவே ஆனாலும் அந்தத் துண்டில் விவசாயம் நடக்க வேண்டும் என்பது நோக்கம்.

இன்னும் இரண்டு முடிவுகளைச் சொல்ல வேண்டும். காப்பகத்துக்குள் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் நீட்டுவதில்லை என்று கொள்கை வகுத்தார்கள். குழாய் போன இடத்தில் விதி நிற்காது என்று 1970களில் கற்ற பாடம் அது. இன்னொன்று, 1981-க்கு முன்பிருந்தே நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள், 25 ஏக்கர் கணக்கையும் தாண்டி, தங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு மனை ஒதுக்கலாம் என்ற விலக்கு. விவசாயக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை அங்கேயே குடியிருக்கட்டும் என்ற நல்லெண்ணம்.

விவசாயிகளின் எதிர்ப்பு

எளிதில் ஏற்கவில்லை. ஏற்காததில் நியாயமும் இருந்தது. கையில் இருந்த மதிப்பைக் கவுன்டி எடுத்துக்கொண்டு, இன்னும் சந்தையே உருவாகாத ஒரு காகிதத்தைக் கொடுக்கிறது. வாங்க யாரும் வரவில்லை என்றால்? வங்கி இதை ஈடாக ஏற்குமா?

இந்தப் பயத்துக்குப் பதிலாக, 1980களின் தொடக்கத்தில் கவுன்டி ஒரு உரிமை வங்கியை அமைத்தது. விலை விழுந்தால் கடைசி வாங்குபவராக அது நிற்கும், கடனுக்கு உத்தரவாதமும் தரும். தனியார் சந்தை தானாகவே ஓடத் தொடங்கியதால் அதற்கு வேலை வரவில்லை, பிறகு மூடிவிட்டார்கள். வேலை வரவில்லை என்பதால் தேவையில்லாத அமைப்பு என்று நினைக்கக்கூடாது. தொடக்க வருடங்களில் உரிமையை வைத்திருந்தவர்களுக்குத் தைரியம் கொடுத்தது அதுதான் என்பது என் கருத்து.

நில உரிமையாளர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். 1983-ல் கவுன்டியின் பக்கம் தீர்ப்பு வந்தது. நிலத்தில் விவசாயம் என்ற நியாயமான பயன் மிச்சம் இருக்கிறது, பொதுநலக் காரணமும் இருக்கிறது; எனவே விதி செல்லும் என்ற நிலை உறுதியானது. உரிமையை விற்கவும் வழி இருந்ததால், திட்டம் நியாயமானது என்ற வாதத்துக்கு வலு சேர்ந்தது.

தொடர்ந்தது: சண்டை நகரத்துக்கு இடம் மாறியது

எதிர்பாராத பிரச்சினை ஏற்கும் பகுதிகளில் முளைத்தது. ஓல்னி போன்ற பகுதிகளில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியின் திட்டத்திலும் கூடுதல் வீடுகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அங்கே ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியிருந்தவர்கள், வயலைக் காப்பாற்றுங்கள், அருமையான திட்டம் என்றார்கள். ஆனால் அந்த வீடுகள் எங்கள் தெருவுக்கு வேண்டாம் என்றார்கள். போக்குவரத்து நெரிசல், பள்ளியில் இடமில்லை, பகுதியின் தன்மை மாறிவிடும். இந்தக் கவலைகள் பொய்யில்லை. ஆனாலும் வயலில் எழவிருந்த வீட்டுக்கு வேறொரு தெரு வேண்டும், அதை யாராவது ஏற்கத்தான் வேண்டும்.

குடியிருப்போர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் 1987-ல் மேரிலாந்து மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கவுன்டிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உரிமை மாற்றம் என்கிற யோசனையை நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் எத்தனை வீடு கூட்டலாம் என்பதை வட்டாரத் திட்டத்தில் எழுதிவைத்தால் போதாது, மண்டலச் சட்டத்திலேயே வர வேண்டும் என்றது. கவுன்டி சீக்கிரமே சட்டத்தைத் திருத்தி, ஏற்கும் பகுதிகளை மண்டலங்களாகவே ஆக்கியது. 1964-ல் செய்த தவறுதான் இதுவும். காக்க வேண்டிய நிலத்துக்கு 1980-ல் சட்டத்தின் பலம் கொடுத்தவர்கள், வீடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அந்தப் பலத்தைக் கொடுக்க மறந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் ஏற்கும் பகுதிகள் கேட்ட அளவு கிடைக்கவில்லை, கிடைத்த இடங்களிலும் அனுமதித்த எண்ணிக்கை முழுதாகக் கட்டப்படவில்லை. விற்கக் காத்திருந்த உரிமைகள் தேவையைவிட அதிகமாகவே இருந்தன.

ஓட்டைகள்: 2000கள்

இருபது வருடம் கழித்து, விதியில் இருந்த சின்னச் சின்ன இடைவெளிகள் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தன.

முக்கியமானது அந்த 25-க்கு ஒன்று. 100 ஏக்கர் பண்ணையின் உரிமையாளர் 16 உரிமைகளை விற்றுவிட்டார். கையில் நான்கு இருக்கிறது. மற்ற உரிமைகளின் விலையைவிட, காப்பகத்துக்குள்ளேயே வீடு கட்டும் இந்தக் கடைசி உரிமையின் மதிப்பு பல மடங்கு. சுற்றிலும் 25 ஏக்கர் அமைதி, எதிரே இன்னொரு வீடு வராது என்ற சட்ட உத்தரவாதம்: வசதியானவர்களுக்கு மாளிகை கட்ட இதைவிட நல்ல இடம் எது? காப்பகம் வெற்றி பெறப் பெற, அதற்குள் இருக்கும் மனையின் விலை ஏறியது.

1980-ல் இதை யாரும் பெரிதாக நினைக்காததற்கு மண்ணும் ஒரு காரணம். காப்பகத்தின் பல இடங்களில் மண் நீரை உறிஞ்சாது. செப்டிக் டேங்க் சோதனையில் தேறாது. காகிதத்தில் உரிமை இருந்தாலும் வீடு கட்ட முடியாது. பின்னாளில் தரைமேல் மணல் மேடு அமைத்துக் கழிவுநீரை வடிகட்டும் முறை வந்ததும், அந்தத் தடை பல இடங்களில் விலகிவிட்டது. இத்தனை வருடம் மண் செய்துகொண்டிருந்த காவலை விதி செய்துகொண்டிருந்ததாக எண்ணியிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கான மனை விலக்கும் நோக்கத்திலிருந்து விலகியது. பிள்ளை பெயரில் மனை பிரித்து, பிறகு வெளியாருக்குக் கைமாறிய நிகழ்வுகள் தெரியவந்தன. இன்னொருபுறம், மலிவான பெரிய நிலம் தேடிய மத நிறுவனங்களும் தனியார் பள்ளிகளும் காப்பகத்தில் இடம் வாங்கிக் கழிவுநீர் இணைப்பு கேட்டன. விதி வீடுகளைக் கணக்கிட்டதே தவிர, இந்தக் கட்டிடங்களை எதிர்பார்க்கவில்லை. 2005-ல் மன்றம் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் காப்பகத்துக்குள் குழாய் நீட்டுவதை நிறுத்தியது.

விவசாயிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்த ஒரு குழு 2007-ல் அறிக்கை தந்தது. அதன் பரிந்துரைகளிலிருந்து 2008-ல் புதிய திட்டம் வந்தது: 25 ஏக்கருக்கு ஒன்று என்ற கடைசி உரிமையையும், அதன் உயர்ந்த மதிப்புக்கேற்ற விலை கொடுத்து, நிரந்தரமாக முடித்துவிடுவது. அதில் சேர வேண்டுமென்றால் அந்த மனையில் உண்மையிலேயே வீடு கட்ட முடியும், கழிவுநீர் வசதிக்கு அனுமதி கிடைக்கும் என்று முதலில் காட்ட வேண்டும். கட்டவே முடியாத மனைக்குப் பொதுப்பணம் போகக்கூடாதே! 2010-ல் ரயில் நிலையங்களை ஒட்டிய வணிகப் பகுதிகளுக்கு உயரமான, நெருக்கமான கட்டிடங்களை அனுமதிக்கும் புதிய மண்டலங்கள் வந்தபோது, கூடுதல் தளப்பரப்பு வேண்டும் பில்டர்கள் அதில் ஒரு பகுதிக்கு இந்தக் கடைசி உரிமைகளை வாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். பழைய வணிக வளாகங்களும் வாகன நிறுத்தங்களும் இருந்த இடத்தில் எழும் அடுக்குமாடிகள், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சோள வயலுக்கு விலை கொடுத்தன. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஏற்கும் இடம் புறநகர்த் தெருவிலிருந்து ரயில் நிலையத்துக்கு மாறியதால் எதிர்ப்பும் குறைவு, பஸ்ஸும் ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில்.

விளைவு

நிலத்தைப் பொறுத்தவரை கணக்கு தெளிவு. உரிமை மாற்றத்தின் மூலம் மட்டும் 50,000 ஏக்கருக்கு மேல் நிரந்தரக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மற்றத் திட்டங்களையும் சேர்த்தால் 70,000 ஏக்கரைத் தாண்டுகிறது. 1980-ல் சுமார் 5,79,000 ஆக இருந்த கவுன்டியின் மக்கள்தொகை 2020-ல் 10,62,000. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் கூடுதலாக வந்தும் அந்த மூன்றில் ஒரு பங்கு நிலம் நகரமாகவில்லை. 500-க்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன.

ஆனால் அந்தப் பண்ணைகள் எல்லாமே உணவு விளைவிப்பவை அல்ல. குதிரை வளர்ப்பவை, நர்சரிகள், வசதியானவர்கள் வைத்திருக்கும் பெரிய தோட்டங்கள் எல்லாம் இதில் அடக்கம். கட்டும் உரிமை நீங்கினால் நில விலை விவசாயிக்கு எட்டும் அளவுக்கு இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஓரளவு இறங்கியது; புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர் ஒருவர் வாங்கும் அளவுக்கு இறங்கவில்லை. கட்டிடத்தைத் தவிர வேறு போட்டிகளும் வந்தன. 2021-ல் சூரிய மின் பலகைகளை அனுமதிப்பதா என்ற விவாதம் நீண்டு, கடைசியில் நல்ல மண் உள்ள இடங்களை விலக்கி, அதிகபட்சம் 1,800 ஏக்கர் என்ற வரம்போடு முடிந்தது.

வீட்டுப் பக்கத்தின் கணக்கு சிக்கலானது. 1974-ன் சட்டத்தால் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுப்படியாகும் வீடுகள் கட்டப்பட்டன. பெரிய சாதனை. ஆனால் விலைக் கட்டுப்பாட்டுக் காலம் முதலில் 5 வருடம்தான், பின்பு 10. அது முடிந்ததும் வீடு சாதாரண சந்தைக்குப் போய்விட்டது. 2005-ல்தான் விற்பனை வீடுகளுக்கு 30 வருடமாக உயர்த்தினார்கள். கட்டிய வீடுகளில் நிறைய அதற்குள் கைநழுவிவிட்டன. வயலுக்கு 'என்றென்றும்' என்று எழுதியவர்கள் வீட்டுக்கு ஐந்து வருடம் எழுதினார்கள்.

கவுன்டியின் எல்லைக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். காப்பகத்துக்கு அப்பால் வடக்கே இருக்கும் ஃப்ரெடரிக் கவுன்டியின் மக்கள்தொகை 1980-ல் சுமார் 1,15,000. 2020-ல் சுமார் 2,72,000. அவர்களில் நிறையப் பேர் காப்பகத்தைக் கடந்து தெற்கே வேலைக்கு வருகிறார்கள். இதற்கு முழுக்காரணமும் காப்பகம்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பகுதி வளர்ச்சி காப்பகத்தைத் தாண்டிக் குதித்து இன்னொருவருடைய வயலில் இறங்கியது என்பதை மறுக்கவும் முடியாது.

மூன்றில் ஒரு பங்கு நிலத்தைப் பூட்டியதால்தான் வீட்டு விலை ஏறியது என்று சிலர் குற்றம் சாட்டுகிறார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. மீதி இருந்த வீட்டு மண்டலங்களில் பெரும்பகுதியும் மனைக்கு ஒரு வீடு என்ற விதியால் பூட்டியே கிடந்தது. அந்தப் பூட்டு அப்படியே இருக்க, விலைக்கு வயலைக் குறை சொல்வது சரியல்ல. 1964 திட்டத்தை மாற்றி 2022-ல் மன்றம் ஏற்ற புதிய பொதுத் திட்டம், சாலைப் பாதைகளை ஒட்டிப் பலவகை வீடுகளுக்கு இடம் தர வேண்டும் என்கிறது. காப்பகத்தைத் தொடவில்லை. அந்தத் திட்டத்தைச் சுற்றி நடந்த வாக்குவாதங்கள் 1980களில் ஏற்கும் பகுதிகளில் நடந்தவற்றின் தொடர்ச்சிதான்.

மறுபடி செய்வதானால் மாற்ற வேண்டியவை

ஏற்கும் இடத்தை முதலில் சட்டமாக்கிவிட்டு, அப்புறம்தான் வயலின் விதியை இறுக்க வேண்டும். மான்ட்கோமரி தலைகீழாகச் செய்தது. அதனால் ஏழு வருடம் விவசாயிகள் கையில் இருந்த உரிமை உறுதியில்லாத சட்ட அடித்தளத்தில் நின்றது. எத்தனை உரிமை விற்பனைக்கு வரும் என்று கணக்கிட்டு, அதைவிடத் தாராளமாக வாங்கும் இடங்களை, முடிந்தவரை ரயில், பஸ் போகும் பாதைகளில், தொடக்கத்திலேயே வரைய வேண்டும். ஏற்கும் பகுதிக்காரர்களுக்குப் பள்ளி, பூங்கா, நடைபாதை என்று கூடுதல் வீட்டோடு கூடுதல் வசதியும் அதே சட்டத்தில் போக வேண்டும். வாக்குறுதியாக மட்டும் விட்டால் அவர்களின் எதிர்ப்பு நியாயமானதாகிவிடும்.

கடைசி உரிமைக்கு முதல் நாளிலேயே தனி மதிப்பு வைத்திருக்க வேண்டும். 28 வருடம் காத்திருந்ததில் அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பிள்ளைகளுக்கான மனையை அனுமதிப்பது சரிதான், ஆனால் அந்தப் பிள்ளை அங்கே குடியிருக்க வேண்டும், இத்தனை வருடத்துக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இல்லாமல் அல்ல. 2010-ல்தான் மன்றம் அந்த விலக்கைத் திருத்தியது. மண்ணின் குறையையோ அன்றைய தொழில்நுட்பத்தின் எல்லையையோ நம்பி விதியில் இடைவெளி விடக்கூடாது.

விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பு, புது விவசாயிகளுக்கு நீண்டகாலக் குத்தகை, அறுத்ததைப் பதப்படுத்தும் இடம் இவையெல்லாம் நிலக் காப்போடு சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டியவை. நிலம் கையில் இருந்தாலும் உழுகிறவருக்கு இவை இல்லாமல் ஓடாது.

கட்டுப்படியாகும் வீட்டின் விலைக் கட்டுப்பாட்டை வயலின் கட்டுப்பாட்டைப் போலவே பத்திரத்தில் நீண்டகாலத்துக்குப் பதிய வேண்டும். பக்கத்துக் கவுன்டியோடு உட்கார்ந்து, இங்கே தடுத்த வீடு அங்கே போய் எந்த நிலத்தில் விழும் என்று சேர்ந்தே வரைய வேண்டும். 1980-ல் அந்தப் பேச்சு நடக்கவில்லை; இன்றைக்குக் காலையில் தெற்கே வேலைக்கு வரும் கார்களின் வரிசை காப்பகத்தின் சோள வயல்களுக்கு நடுவே நீள்கிறது.